மேடம் பேசவைத்த பெட்டி

"மன்னிக்கவும், உங்கள் கேள்வி புரியவில்லை" என்று அந்தப் பெட்டி சொன்னதும், எதிரே நின்றவர் பதறிப்போனார். "அய்ய, மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா" என்று அதைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் வாசல் அறை அது. அங்கே பெருக்கித் துடைத்து, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜைக்குப் பின்னால் எங்கள் ரிசப்ஷன் மேடம் முகம் வெளுத்து நின்றார்.

மேடத்துக்கு அப்போது ஏழாம் மாதம். கான்ட்ராக்ட் வேலை, பிரசவத்துக்குப் போனால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். பேசும் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்த மேனேஜர் சார், வருகிறவர்களுக்கு அது ஒழுங்காகப் பதில் சொன்னால் வேறு ஆள் போடமாட்டேன் என்று சொல்லியிருந்தார். அதனால் கேன்டீன் எங்கே, ஆள் எடுக்கும் ஆபீஸ் எந்தப் பக்கம், ஷிப்ட் பஸ் எத்தனை மணிக்கு என்று கேள்வியும் பதிலுமாக மேடம் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே இருப்பார். சரியாக வருகிறதா என்று கேட்டுப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பேன். பெட்டி சும்மா இருக்கும்.

"அதுக்குக் காது கேக்கல மேடம்."

"நீங்க மனசுக்குள்ளயே கேட்டா அதுக்கு எப்படி ஆயாம்மா கேக்கும்?"

கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் மேடத்தைச் சீண்டுவார். "இன்னாம்மா, உன் சீட்டுக்கு நீயே ஆள் புடிச்சிக்கினு கீற? பெட்டி நல்லா பேசிச்சின்னா அப்பால உன்ன யாரு கூப்புடுவாங்க?"

"பேசலன்னா நாளைக்கே வேற பொண்ணு வந்து உக்காந்துக்கும்ணே. பேசினா சீட்டு காலியா இருக்கும். காலியா இருந்தாத்தானே நான் திரும்பி வர முடியும்" என்பார் மேடம்.

பெட்டியைக் கும்பிட்டவர் வந்தது, பெட்டி எப்படிப் பேசுகிறது என்று மேனேஜர் சார் நேரில் பார்க்க வந்து நின்ற அன்று. "வணக்கம்மா. நான் வாலாஜாபாத்துலேர்ந்து வரேன். எம்பையன் இங்க சேந்து ரெண்டு மாசம் ஆவுது. பஸ்ல ஒரே கூட்டம்..." என்று சொல்லி அவர் மூச்சு வாங்கிய இடத்தில்தான் பெட்டி மன்னிப்புக் கேட்டது. அவர் மறுபடியும் ஊரிலிருந்தே ஆரம்பித்தார். அது மறுபடியும் மன்னிப்புக் கேட்டது. மூன்றாம் தடவை அவர் பேசாமல் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இது சரிப்படாதும்மா. வேற ஆள் போட்டுடலாம்" என்றார் மேனேஜர்.

எப்படி வாய் திறந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "சார், அதுக்குப் பொறுமை இல்ல. நாங்க ஊரச் சொல்லி, யாரு இன்னான்னு சொல்லிட்டுதான் விஷயத்துக்கு வருவோம்." எனக்குக் குரல் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது போலப் பார்த்தார். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாரத்தில் மேடம் எல்லாவற்றையும் மாற்றினார். "உட்காருங்க. எந்த ஊர்லேர்ந்து வரீங்க, யாரைப் பாக்கணும்?" என்று பெட்டியே முதலில் கேட்கும். அவர்கள் பேசி முடிக்கும்வரை, நடுவில் இருமினால்கூட, சும்மா இருக்கும். ஜனங்கள் பேசினார்கள், அதுவும் வழி சொன்னது. மேனேஜர் சார் சொன்ன சொல் மாறவில்லை. மேடம் லீவில் போனார். நாற்காலி காலியாகவே இருந்தது. நான் தினமும் துடைத்து வைத்தேன்.

ஆறு மாதம் கழித்து, குழந்தையை மணிமங்கலத்தில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு மேடம் வேலைக்கு வந்தார். வந்ததும், பெட்டியிடம் யார் என்ன பேசினார்கள் என்று கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்ததைப் படித்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"ஆயாம்மா, இதப் பாருங்க. எல்லாரும் கடைசியில 'அது சொல்றது சரிதானா'ன்னு கேட்டிருக்காங்க. அதுக்குப் பெட்டி 'மன்னிக்கவும்'னுதான் சொல்லியிருக்கு. ஆனா ஒருத்தர்கூட வழி தப்பித் திரும்பி வந்து கேக்கல. எப்படி?"

"அத என்னப் பாத்துக் கேட்டாங்க மேடம்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"தலையாட்டினேன்."

மேடம் மேஜையில் தலை வைத்துச் சிரித்தார். "இத நான் எப்படி ஆயாம்மா பெட்டியில போடறது?"

போடவில்லை. பெட்டி இப்போதும் வழி சொல்கிறது. கேட்டவர்கள் நாற்காலிப் பக்கம் திரும்பி, சரிதானா என்கிறார்கள். "சரிதாங்க, போயிட்டு வாங்க" என்கிறார் மேடம்.