பூமாரி மௌசி தொட்டால் ஓடும்

தாராவியில் ஒரு சந்துக்குள் இருக்கும் தமிழ்ப் பள்ளியில் பூமாரி பதினோரு வருஷமாக ஆயா. பம்பாய்ப் பள்ளிக்கூடங்களில் ஆயாவை யாரும் ஆயா என்று கூப்பிடுவதில்லை. மராத்திக்காரர்களைப் பார்த்து நம்மவர்களும் மௌசி என்றே பழகிவிட்டார்கள். பெருக்குவது, மணி அடிப்பது, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிடுவது, ஆசிரியர்களுக்குச் சாய், அதாவது டீ, வாங்கி வருவது எல்லாம் மௌசியின் பாடு.

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பத்தொன்பது வயதில் நாகராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. பொறாமை மட்டும் அவளோடு கூடவே பிறந்தது. பக்கத்து வீட்டுக் குழாயில் பத்து நிமிஷம் அதிகமாகத் தண்ணீர் வந்தால் அன்று அவளுக்குச் சோறு இறங்காது. கொழுந்தன் பெண்டாட்டி கோகிலவாணிக்குச் சுனாபட்டியில் இரண்டு ஜன்னல் வைத்த வீடு அமைந்தபோது, தலைவலி என்று சொல்லி மூன்று நாள் படுத்தே கிடந்தாள். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அதில் அவளுக்குக் கௌரவம் அதிகம்.

அப்படிப்பட்டவளுக்கும் வாழ்க்கையில் ஒரு பெருமை வாய்த்தது. அது கம்ப்யூட்டர் அறை.

அறையில் இருபத்திரண்டு பழைய லேப்டாப்புகள். யாரோ ஆபீஸ்காரர்கள் கழித்துக் கொடுத்தவை. பிள்ளைகள் அவற்றில் இன்டர்நெட் வழியாகக் கணக்கு விளையாட்டு விளையாடுவார்கள். கூட்டலுக்குச் சரியான விடை போட்டால் திரையில் கார் ஓடும், தப்பாகப் போட்டால் நிற்கும். இந்தப் பள்ளியிலோ, சரியாகப் போட்டாலும் நின்றது. கார் நடுரோட்டில் உறைந்துபோகும், அதன் தலைக்கு மேல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். உடனே பிள்ளைகள், நின்றுபோச்சு என்று இந்தியில் கத்துவார்கள்: "மௌசீ, அட்டக் கயா!"

பூமாரி துடைப்பத்தைச் சாத்திவிட்டு வருவாள். திரையை ஒரு பார்வை பார்ப்பாள். "இருங்கட்டி, வாரேன்" என்று ஆபீஸ் அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, லேப்டாப்பின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவாள். கார் ஓடும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். மௌசியின் கைராசி என்று ஆசிரியர்களே பேசிக்கொண்டார்கள்.

கைராசியின் ரகசியம் சுவருக்கு அந்தப் பக்கம், ஆபீஸ் அறையில் இருந்தது. பள்ளியின் வைஃபை பெட்டி முதலில் சுவரில்தான் மாட்டியிருந்தது. ஒரு தீபாவளி லீவில் அதை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். ஹெட்மாஸ்டர் அனந்தநாராயணன் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், ஜாக்கிரதைக்காரர். புதுப் பெட்டியை வாங்கி, வருகைப் பதிவேடுகளோடும் சாக்பீஸ் டப்பாக்களோடும் இரும்பு பீரோவுக்குள் வைத்தார். பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே விட்டு, கதவைப் பூட்டச் சொன்னார். சாவி பூமாரியின் இடுப்புக்கு வந்தது.

ஒரு நாள் சாக்பீஸ் எடுக்கப் போனவள் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்தாள். அன்று முழுக்கக் கம்ப்யூட்டர் அறையில் சத்தமே இல்லை. மறுநாள் பூட்டினாள், கத்தினார்கள். திறந்தாள், அடங்கினார்கள். ஒரு வாரம் இப்படித் திறந்தும் பூட்டியும், சுவரோரம் நின்று காது கொடுத்துக் கேட்டாள். விஷயம் பிடிபட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பீரோவைத் திறந்தே வைத்துவிடுவார்கள், அப்புறம் அவளை யார் கூப்பிடப் போகிறார்கள்?

நாலு வருஷம் ராஜ்யம் நடந்தது. இந்த ஜூனில் சஃப்ரீன் வந்தாள்.

சஃப்ரீனுக்கு இருபத்துமூன்று வயது. தாராவியிலேயே பிறந்தவள், பூர்வீகம் கடையநல்லூர். சயானில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்திருந்தாள். மூன்று மாதம் வைத்துப் பார்க்கலாம், பிள்ளைகளின் விளையாட்டு நிற்காமல் ஓடினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வெளியிலிருந்து கம்பெனி ஆளை வரவழைப்பது என்று நிர்வாகக் கமிட்டி சொல்லியிருந்தது.

வந்த முதல் வாரமே அவள் இருபத்திரண்டு லேப்டாப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து உட்கார்ந்தாள். பின்னால் மூடாமல் கிடந்த பக்கங்களையெல்லாம் மூடினாள். வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்த குப்பைகளை அழித்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் விளையாட்டைத் திறக்கக்கூடாது, வரிசைக்கு ஐந்து பேர் என்று சட்டம் போட்டாள். நின்றுபோனால் முதலில் என்ன செய்வது, அப்புறம் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுத்தாள். விளையாட்டு நிற்பது பாதிக்குப் பாதி குறைந்தது. எப்போதாவது நின்றால், "சஃப்ரீன் மிஸ்ஸ்ஸ்" என்று இழுத்துக் கூப்பிட்டார்கள்.

அந்த இழுப்புதான் பூமாரிக்குத் தாங்கவில்லை. மௌசி என்று கூப்பிட்டபோது எந்தப் பிள்ளையாவது அப்படி இழுத்ததா? துடைப்பத்தோடு தாழ்வாரத்தில் நின்று அந்தக் குரலைக் கேட்பாள், வயிறு எரியும். போதாக்குறைக்கு, ஹெட்மாஸ்டர் அந்தப் பெண்ணை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, "பூமாரி, ரெண்டு கட்டிங் சாய் சொல்லும்மா" என்பார். பதினோரு வருஷத்தில் அந்த நாற்காலியில் பூமாரியை அவர் உட்காரச் சொன்னதில்லை. அந்த அரை கிளாஸ் சாயை வாங்கி வந்து, நேற்று வந்த பெண்ணின் கையில் கொடுத்து, அவள் "தாங்க்யூ மௌசி" என்று சொல்வதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ராத்திரி நாகராஜ் குழம்பில் உப்பு இல்லை என்றான். அவனுக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

பீரோ பூட்டித்தான் கிடந்தது. பூட்டச் சொன்னது ஹெட்மாஸ்டர். பூமாரி சொன்ன வேலையைச் செய்தாள், இதில் என்ன தப்பு? பூட்டிய இரும்போடு அந்தப் பெண் மல்லுக்கட்டுகிறாள் என்று தெரிந்தே பூட்டினாள் என்பது வேறு விஷயம்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கமிட்டி வந்தது. தலைவர் சலாவுதீன் பாய் தோல் பை பட்டறை வைத்திருப்பவர், பேச்சும் நடையும் வேகம். அன்று ரேஸ் விளையாட்டு. இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒன்றாகத் தொடங்கினால்தான் அது ரேஸ், வரிசைக்கு ஐந்து பேர் என்ற சட்டம் அங்கே எடுபடாது. பூமாரி விருந்தாளிகளுக்கான சாய்த் தட்டோடு வாசலில் நின்றாள். சாவி இடுப்பில் பத்திரமாக இருந்தது.

கார்கள் கிளம்பின. பத்து எண்ணுவதற்குள் இருபத்திரண்டும் நின்றன, இருபத்திரண்டு வட்டங்கள் சுற்றின.

"மிஸ், அட்டக் கயா! மிஸ்!"

சஃப்ரீன் ஒரு லேப்டாப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினாள். மூடினாள், திறந்தாள். நெற்றியில் வேர்வை. "ஒரே நிமிஷம் சார், நெட் வீக்கா இருக்கு, இதோ வந்துடும்" என்றாள். வரவில்லை. பூமாரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு பிள்ளையாவது மௌசி என்று கூப்பிடுகிறதா? ஒன்றுகூட இல்லை. நாலு வருஷத்தை இரண்டரை மாதத்தில் மறந்துவிட்டதுகள்.

சலாவுதீன் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன சார், மூணு மாசமா இந்த வட்டத்தத்தான் சுத்த விட்டுட்டு இருந்தியளா? கம்பெனி ஆளையே போட்டுருவோம்."

பூமாரியின் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சஃப்ரீனின் முகம் வெளுத்ததைப் பார்த்தாள். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

அப்போது முதல் வரிசையில் இருந்த மாரீஸ்வரி என்ற நாலாம் வகுப்புப் பெண் எழுந்து, "சார், முன்னால எல்லாம் மௌசி தொட்டா ஓடும்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் வேறு வழியில்லாமல், "சரி, நீதான் ஒரு தடவை தொட்டுப் பாரேம்மா" என்றார்.

பூமாரி தட்டைக் கீழே வைத்தாள். ஆபீஸ் அறைக்குப் போனாள். சாவியைப் போட்டுப் பீரோவின் இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். திரும்பி வந்து மாரீஸ்வரியின் லேப்டாப்பை இரண்டு தட்டுத் தட்டினாள். கார்கள் சீறிக்கொண்டு கிளம்பின. பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"அட, நல்ல கைராசிக்காரிதான்!" என்றார் சலாவுதீன் பாய்.

"கைராசி எல்லாம் இல்ல சார்" என்றாள் சஃப்ரீன், மூச்சு வாங்கியபடி. "நெட் வந்துடுச்சு. மௌசி வந்த டைமிங், லக்."

"அதானே" என்றார் ஹெட்மாஸ்டர். "சஃப்ரீன் அத்தனை செஞ்சு வச்சிருக்கா. அது இப்பத்தான் வேலை செய்யறது."

பூமாரிக்குத் தலைக்கு ஏறியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கைராசியாவது மிஞ்சும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அறிவு சஃப்ரீனுடையதாம், அதிர்ஷ்டம் இவளுடையதாம். ஒரு வாரம் சுவரோரம் நின்று காது வலிக்கக் கேட்டுக் கண்டுபிடித்தவள் இவள். டைமிங்காம்!

"லக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல சார்" என்றாள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "வைஃபை பெட்டிய இரும்புக்குள்ள போட்டுப் பூட்டி வச்சா என்னத்த வரும்? பீரோவத் தொறந்தா ஓடும், அடச்சா நிக்கும். நாலு வருசமா எனக்குத் தெரியும். நம்பலன்னா போய் அடச்சுப் பாருங்க."

ஹெட்மாஸ்டரே போய் அடைத்தார். கார்கள் நின்றன. "தொறங்க சார்!" என்று பூமாரி இங்கிருந்து அதட்டினாள். கார்கள் ஓடின. மூன்று தடவை அவரைத் திறக்கவும் மூடவும் வைத்தாள். மூன்றாவது தடவைக்குத் தேவையே இல்லை, ஆசைக்கு ஒன்று.

சலாவுதீன் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சார், நம்ம காசுல இன்டர்நெட் வாங்கி பீரோவுக்குக் குடுத்துட்டு இருந்திருக்கோம்!" திங்கட்கிழமையே பெட்டி கம்ப்யூட்டர் அறைச் சுவரில் உயரத்தில் ஏறவேண்டும் என்றார். பூட்டிய பீரோவை வைத்துக்கொண்டே இவ்வளவு ஓட்டிய பெண் திறந்தால் எவ்வளவு ஓட்டுவாள், வேலையை நிரந்தரமாக்குங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, சஃப்ரீனுக்கு வேலை கிடைத்தது. பூமாரியை இனி யாரும் கூப்பிடவேண்டிய அவசியம் இல்லை. வாயால் கெட்டேனே என்று நினைத்தபடி, சூடு ஆறிப்போன சாய்த் தட்டை எடுக்கக் குனிந்தாள்.

பிள்ளைகள் போயிருந்தார்கள். சஃப்ரீன் மட்டும் நின்றாள். வேலை நிரந்தரமான சந்தோஷம் முகத்தில் எங்கேயும் இல்லை.

"மௌசி, யார் சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?"

"யாரு சொல்லணும்? நானே பாத்தேன்."

"நான் ஒவ்வொரு மெஷினா தெறந்து பாத்தேன். ரெண்டு வருஷம் படிச்சிருக்கேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல." பக்கத்து லேப்டாப்பை மூடினாள். பிறகு, "எட்டாவதுதானே நீங்க?" என்றாள்.

அந்தக் கேள்வியின் ஓரத்தில் இருந்த எரிச்சல் பூமாரிக்குச் சட்டென்று பிடிபட்டது. உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டிருந்த விதம், கண் நேராகப் பார்க்காமல் நழுவிய விதம், எல்லாம் அவளுக்கு அத்துபடி. தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுகிறாள், அதுவும் டிப்ளமா படித்தவள். நாற்பத்தொரு வயதில் இப்படி ஒரு நாள் வந்திருக்கிறது. நின்று நிதானமாக அனுபவிக்கலாம் என்று நிமிர்ந்து அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

பொறாமைப்படும்போதுகூட அந்தப் பெண் அழகாகத்தான் இருந்தாள்.