விளக்குப் பூட்டிய ஜப்பான் சைக்கிள்

நாவற்குடாவில் ஜப்பான் சைக்கிளை முதலில் இறக்கியவன் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கப்பலில் வந்த கண்டெயினரை என் வாசலில் வைத்துத் திறந்தேன். படித்தவர்கள் எத்தனை பேரால் அது முடிந்தது? மகன் ஜப்பானில் பழைய சைக்கிள்களைச் சேர்த்து ஏற்றி அனுப்பும் யாட்டில் வேலை செய்தான். சில வருடத்தில் திரும்பி வந்து என் சைக்கிள் கடையை எடுத்து நடத்துவான் என்றுதான் நானும் மனைவியும் காத்திருந்தோம்.

போன மாரியில் வந்த கண்டெயினருக்குள் ஒரு விசித்திரச் சைக்கிள் கிடந்தது. முன்னாலும் பின்னாலும் பலகைப் பெட்டி, அதன் மேல் முகம் தெரியும் அளவுக்கு மினுங்கும் தகடு, சுற்றிவர மஞ்சளும் சிவப்புமாய் பல்ப், பெட்டி நிறைய ஜப்பான் எழுத்து. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. லொத்தர் சீட்டு விற்கிறவனின் சைக்கிள். இங்கேயும் பெட்டி கட்டி, லைட் போட்டுத்தானே விற்கிறார்கள்? சந்தியில் லொத்தர் விற்பவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, சீட்டுத் தொங்கவிடுற இடம் எங்க இரிக்கு?"

"ஜப்பான்காரன் உள்ளுக்க வெச்சு விப்பான்."

"உள்ளுக்க வெச்சா ஆர் வாங்குவான்? இதென்ன சவப்பெட்டியா?"

அன்று பின்னேரம் மகனுக்கு ஃபோனில் சைக்கிளைக் காட்டினேன். சிரித்தான்.

"லொத்தர் இல்லப்பா. இஞ்ச பெரிய லொறிகள இப்பிடித்தான் சோடிப்பாங்க. லொறி ஓட வயசு காணாத பெடியன்கள் அதப் பார்த்துத் தங்கட சைக்கிளச் சோடிச்சுக்கொண்டு கூட்டமாத் திரிவாங்க. இது யாட்டுக்குப் பக்கத்துப் பெடியன்ட. இப்ப அவன் லைசென் எடுத்து லொறி ஓடுறான். இதக் கொண்டுவந்து போட்டிட்டான்."

"இவ்வளவு பாடுபட்டுச் சோடிச்சத எறிஞ்சிட்டானா?"

"லொறி கிடைச்ச மறுகா அதால என்னப்பா வேலை?"

ஃபோனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தான். பிறகு, "எனக்கும் லொறி லைசென் கிடைச்சிட்டுது. யாட்ட விட்டிட்டன். இஞ்சயே இருக்கப்போறன்" என்றான்.

"அப்ப கடை, மனே?"

"நீங்க நடத்துங்க. உங்களப் போல ஆருக்கு ஏலும்?"

ஊரில் எல்லாரும் எனக்குச் சொல்லும் வார்த்தைதான் அது. நானும் கேட்டு மகிழ்ந்து வளர்ந்தவன். அன்று அதைக் கேட்டு, ஃபோனை அந்த மினுங்கும் தகட்டின் மேல் கவிழ்த்து வைத்தேன்.

ஃபோனை வைத்ததும் மனைவி குசினிக்குள் இருந்து, "எப்ப வாறானாம்?" என்று கேட்டாள்.

"அங்கயே லொறி ஓடப்போறானாம்" என்றேன்.

அவள் வாவிப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு, எனக்கு மட்டும் சோறு போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள்.