துரைக்கு எழுதிய ராஜ தர்மம்

மனு எழுதுகிற தொழிலில் வயிறு நிறைகிறதோ இல்லையோ, கழுத்து பிடித்துக்கொள்ளும். அடுத்தவர் கஷ்டத்தை எழுதி எழுதிக் கை ஓய்ந்த உங்களுக்கு இது தெரியாததா? பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மென்டில், ஓர் ஆபீஸ் வாசல் மரத்தடிதான் என் இடம். அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

அதை மட்டும் வேண்டாம்

லிங்கராஜபுரம் முனியம்மா புருஷனை இழந்தவள். அந்த ஆபீஸ் வெள்ளைக்காரத் துரையின் பங்களா மதிலை ஒட்டி அவளுக்கு ஒரு கீரைக் கொல்லை. அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் அதுதான் சோறு. துரைக்கு அந்த இடத்தில் டென்னிஸ் ஆட வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் காலி செய் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. மனுப் போடுவதும் அதே துரைக்குத்தான், வேறு யாரிடம் போவது?

மிஷன் பள்ளியில் படித்த கதை ஞாபகம் வந்தது. அரண்மனைக்குப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக்கு ஒரு ராஜா ஆசைப்பட்டு, தோட்டக்காரனைக் கொல்லவிட்டுப் பறித்துக்கொண்ட கதை. முனியம்மாவுக்குச் சொன்னேன். "அந்த ராஜா அப்புறம் என்னங்க ஆனான்?" என்றாள். சண்டையில் செத்தான், அவன் ரத்தத்தை நாய் நக்கியது என்றேன்.

"ரைட்டரய்யா, நாய் சமாச்சாரத்தை மட்டும் எழுதிடாதீங்க. அவரு வீட்டுல ரெண்டு நாய் இருக்குது."

அலமாரியில் இல்லாத சட்டம்

நாயை விட்டுவிட்டேன். ஏழைக்கும் அவன் பிள்ளைகளுக்கும் நியாயம் செய்வதே ராஜாவின் முதல் வேலை என்று கிறிஸ்தவ வேதத்தின் சங்கீதத்திலிருந்து எடுத்து எழுதினேன். பழக்க தோஷம், ஓரத்தில் 72:4 என்று அதிகாரமும் வசனமும் போட்டுவிட்டேன். மனுவில் ஓரத்து எண் என்றால் சட்டப் பிரிவு என்று அர்த்தம். மல்லேஸ்வரத்திலிருந்து வரும் ஹெட்கிளார்க் ஐயங்கார் இரண்டு நாள் சட்டப் புத்தக அலமாரியைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறார்.

மூன்றாம் நாள் மரத்தடிக்கே வந்துவிட்டார், மூக்குப் பொடியும் கையுமாக. விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "துரையும் இந்தப் புத்தகத்தை வாசிக்கிறாரோ?" என்று கேட்டார். ஞாயிறு தவறாமல் கோயிலில் வாசிக்கக் கேட்கிறார் என்றேன்.

"பின்னே ஏன் ஓய் இத்தனை மனு வர்றது?"

யார் சொன்னது?

துரை என்னையும் முனியம்மாவையும் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜைமேல் அவருடைய வேதப் புத்தகமே திறந்து கிடந்தது. நான் குறித்த இடத்தில் விரலை வைத்து, "இது ராஜாக்களுக்குச் சொன்னது. நான் ராஜா இல்லை, வெறும் உத்தியோகஸ்தன்" என்றார் இங்கிலீஷில். ஒரு வாரமாகப் புரட்டியும் இதை நான் யோசிக்கவே இல்லை. முனியம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துரையைப் பார்த்தே பேசினாள். அதை ஒரு சொல் குறையாமல் இங்கிலீஷில் சொன்னேன். அவர் நோட்டீஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவள் கேட்டது இவ்வளவுதான்:

"ராஜா இல்லீன்னா, என்னை எழுந்திருச்சுப் போன்னு சொன்னது யாருங்க?"

டென்னிஸ் ஆட்டம் குதிரை லாயத்துப் பக்கம் போயிற்று, கீரை பிழைத்தது. வேதத்தைத் தேடினவன் நான், கேள்வி கேட்டவள் அவள், தண்டு முழுக்க 'கைராசிக்கார ரைட்டர்' என்ற பேர் மட்டும் எனக்கு.