படிக்கட்டில் பத்து கிலோ

நீ என்னைக் காட்டிக் கொடுத்தாய். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

பெங்களூர் பொம்மசந்திரா கம்பெனியில் எட்டு வருடம் என் பக்கத்து மெஷினில் நின்றவன் நீ. போன வருடம் என் வலது குதிகாலுக்கு மேலே தசைநாண் தடித்துப்போய், காலையில் பாத்ரூமுக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். டாக்டர் சீட்டைப் பார்த்து, கம்பெனி என்னை லைனிலிருந்து எடுத்து இன்ஸ்பெக்‌ஷன் மேஜை ஸ்டூலில் உட்கார வைத்தது. மூன்று மாதத்துக்கு மட்டும்.

பிசியோதெரபி அம்மாவிடம் கூட வந்தவனும் நீதான்.

"சும்மா ரெஸ்ட் எடுத்தா மட்டும் சரியாகாதுங்க. எடை குடுத்துத்தான் பலமாக்கணும். செய்யறப்ப கொஞ்சம் வலிக்கும். மறுநாள் அதிகமாகலன்னா பயப்படாதீங்க."

படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி மெதுவாக எழும்பி, மெதுவாகக் குதிகாலை இறக்க வேண்டும். சில வாரம் கழித்து முதுகில் எடை. கம்பெனி ஆண்டு விழாவில் கொடுத்த முதுகுப் பையில் ரிஜெக்ட் கியர்களைப் போட்டு, பத்து கிலோ நிறுத்து, என் தோளில் மாட்டினாய். கேன்டீன் பின்படியில் தினமும் எண்ணினாய்.

"இன்னா மச்சா, மாப்ள கணக்கா உடம்ப ஏத்தற? எட்டு... ஏமாத்தாத, முழுசா எறங்கு."

வலியோடு சிரித்தேன். வீட்டில் அண்ணிக்குக் காட்டு என்று உன் போனில் வீடியோ வேறு எடுத்தாய்.

அதைத்தான் எச்.ஆர். அறையில் எனக்குப் போட்டுக் காட்டினார்கள்.

"இவ்ளோ வெயிட் தூக்கிட்டு ஏறி எறங்கறீங்க. நிக்க முடியலன்னு லெட்டர் குடுக்கறீங்க. எதுங்க நெஜம்?"

"அதுதான் சார் வைத்தியம்."

"கால்வலிக்கு மூட்டை தூக்கறதா?" என்று அந்த அதிகாரி சிரித்தார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வலி என்றால் படுத்துக் கிடக்க வேண்டும், எடை தூக்கினால் வேஷம். எங்கள் ஷெட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். உனக்குத் தெரியும். அந்த வீடியோவில் சத்தமே இல்லை. இருந்திருந்தால் எண்ணுகிற குரல் யாருடையது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

மறுநாள் முதல் மறுபடி லைனில் எட்டு மணி நேரம் நிற்கிறேன். கால் பழையபடி வீங்கிவிட்டது. அந்த ஸ்டூலில் இப்போது நீ உட்கார்ந்திருக்கிறாய். முட்டிவலி என்று எழுதிக் கொடுத்தாயாம். என்னைக் கேட்டிருந்தால் மாற்றி மாற்றி உட்கார்ந்திருப்போம்.

நாளைக் காலை ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரும் வட்டமாக நிற்போம். அங்கே அந்த வீடியோவைச் சத்தத்தோடு போடு. பையை நிரப்பியது யார், எண்ணியது யார், சத்தத்தை எடுத்தது யார் என்று அத்தனை பேர் முன்னாலும் உன் வாயால் சொல்.