கான்வாஸ் ஷூவும் தபால் பையும்

மலையடிவாரத்திலிருந்து ஜவ்வாது மலை ஊர்களுக்குத் தபால் பையைச் சுமந்து ஓடுவது காசியின் வேலை. ஐம்பதுகளின் கடைசி அது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. தோளில் பை, கையில் சலங்கை கட்டிய கோல், வெறுங்கால். ஏற்றத்திலும் பாடிக்கொண்டே ஓடுவார்.

குதிகால்தான் வெடித்துக் கிடந்தது. மனைவி திரௌபதி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாலே, "எனக்கின்னா கண்ணாலமா, எண்ண பூசிக்கினு குந்தறதுக்கு?" என்று நழுவிவிடுவார்.

ஒரு பொங்கலுக்குத் திருப்பத்தூரில் நடந்த ஓட்டப்பந்தயத்தில் காசி முதலாவதாக வந்தார். பரிசாக வெள்ளை வெளேரென்று ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ கொடுத்தார்கள். மண் பட்டுவிடுமே என்று அதைக் கையில் ஏந்தியபடியே ஊர் வந்து சேர்ந்தார்.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் ஓடினார். விரல்களை நெருக்கியது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். மலைப்பாதையில் பாதி வழியிலிருந்த தன் ஊரை நெருங்குவதற்குள் கொப்புளங்கள் உடைந்து ஷூ சிவந்துவிட்டது. பாதையோரம் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. பக்கத்துக் காட்டில் கொள்ளு பிடுங்கிக்கொண்டிருந்த திரௌபதி, சலங்கைச் சத்தம் நின்றதும் ஓடி வந்தாள்.

"இன்னாய்யா ஆச்சி?"

"பரிசு கடிச்சிடுச்சி."

சிரித்துவிட்டாள். பிறகு புடவையை இழுத்துச் செருகினாள். "பைய குடு. நான் போய்ட்டு வர்றேன்."

"பொம்பள தபாலு தூக்கினு ஓடினா ஊரு இன்னா சொல்லும்?"

"தபாலு வந்துச்சின்னு சொல்லும்."

ஊர் ஊராகச் சனங்கள் வெளியே வந்து வாய் பிளந்து பார்த்தார்கள். சில பெண்கள் கைதட்டினார்கள். காசியின் கால் ஆறும்வரை அவளே பதில் ஆளாக ஓடட்டும் என்று தபாலாபீசிலும் ஒத்துக்கொண்டார்கள்.

காசி வீட்டில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துடைத்தார். உடையாத கொப்புளத்தைக் கிள்ளாமல் விட்டார். விளக்கெண்ணெயைத் தானாகவே தேடி எடுத்தார். சாயங்காலம் திரௌபதி திரும்பியதும் அவள் காலுக்கும் தடவிவிட்டார். "கூசுதுய்யா, வுடு!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள், உடனே தன் புருஷனைக் கூப்பிட்டு, "இங்க வந்து நல்லா பாத்துக்கோ" என்றாள்.

கால் ஆறியதும் இருவரும் வாணியம்பாடிக்குப் போனார்கள். செருப்புக் கடை மக்பூல் பாய் காசியின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்தார்.

"சாயந்தரமா வந்தீங்களே, அதான் சரி. நடந்து கால் வீங்கியிருக்கறப்போ அளவெடுத்தாதான் அப்பறம் கடிக்காது."

"அப்டின்னா இன்னொரு ஜோடிக்கும் அளவெடுங்க பாய்" என்று காசி திரௌபதியை முன்னால் தள்ளினார்.

மலைக்குப் பஸ் வரும்வரை அந்தப் பாதையில் இருவருமே மாறி மாறி ஓடினார்கள். தபால் வாங்கப் பெண்கள் முன்னால் வந்து நின்றது திரௌபதி ஓடிய நாட்களில்தான்.