மூக்கு மேடம் வீடு பார்த்த கதை

எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் என் அக்கா முதலில் சுவரைப் பார்க்க மாட்டாள், தரையைப் பார்க்க மாட்டாள். வாசலில் நின்று வலது கையை மடக்கி, முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்து ஓர் இழுப்பு இழுப்பாள். பிறகு தலையை நிமிர்த்தி வீட்டுக்குள் இருக்கும் காற்றை முகர்வாள். அதற்கப்புறம் அவள் முகம் போகிற போக்கைப் பார்த்தே புரோக்கருக்கு வியர்த்துவிடும்.

பைத்தியம் இல்லை, தொழில். சலவைத்தூள் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அக்காவுக்கு வாசனை பார்க்கிற வேலை. தூளில் கலக்கும் வாசனை எண்ணெயை மெல்லிய காகிதப் பட்டையில் நனைத்து முகர்ந்து, முந்தைய மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவள் மூக்கைச் சுளித்தால் அன்றைக்குக் கலந்ததெல்லாம் வீண். வரிசையாக முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகுமாம். அதற்குத்தான் முழங்கை. தன் உடம்பு வாசனை, தன் சட்டை வாசனை மூக்குக்குப் பழகியது. அதை ஒருமுறை முகர்ந்தால், எழுதிய பலகையைத் துடைத்த மாதிரி மூக்கு காலியாகிவிடும். கம்பெனியில் எல்லோரும் அவளை மூக்கு மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் ஒரு முதல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஜன்னலுக்கு நேர் கீழே திறந்த சாக்கடை. கறுத்த கூழ் மாதிரி ஒன்று நகருகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடக்கும். அதன் மேல் பாலிதீன் பைகள், அழுகிய காய்கறித் தோல், எவனோ கழற்றிப் போட்ட ஒற்றைச் செருப்பு. வெயில் ஏறினால் குமிழி விடும். அதைப் பார்த்துவிட்டு ஒரு வாய் சாப்பிட உட்கார்ந்தால் குமட்டிக்கொண்டு வரும்.

அம்மாவுக்கு இழுப்பு நோய். சாயங்காலமானால் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போலச் சத்தம் கேட்கும். மழைக்காலத்தில் ஒருநாள் மூச்சு அடைத்து, உதடு நீலம் பாரித்துவிட்டது. நானும் அக்காவும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினோம். எப்படியோ பிழைத்தாள். நெடி எதுவும் ஆகாது, நெடி இல்லாத இடமாகப் பார்த்துக்கொண்டு போங்கள், இன்னொரு தடவை இப்படி வந்தால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். நெடி என்றால் ஜன்னலுக்குக் கீழே நகர்கிறதே, அதுதான். வேறு என்னவாக இருக்க முடியும்? வீடு வாங்கிவிடுவது என்று அன்றைக்கே அக்கா முடிவெடுத்தாள். அவள் சம்பளத்துக்கு வங்கி கடன் கொடுக்கத் தயாராக இருந்தது.

இதற்கு நடுவில் அம்மா செய்கிற அழிச்சாட்டியம் வேறு. சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து போய் அந்தச் சாக்கடை ஜன்னலைத் திறந்து கம்பியில் முகத்தை வைத்துக்கொள்வாள். அக்கா ஓடிப்போய் மூடுவாள். அம்மா திறப்பாள். இருக்கிற வியாதி போதாதென்று அந்த நாற்றத்தை ஏன் இழுத்து இழுத்துக் குடிக்கிறாய் என்று நானும் கத்துவேன். தினமும் இந்தக் கூத்துதான்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் இந்த மாடியை விற்கப் பல காலமாக முயற்சி செய்துகொண்டிருந்தார். சாக்கடையை எட்டிப் பார்த்தவன் எவனும் திரும்பி வரவில்லை. வீடு தேடுகிறோம் என்று தெரிந்ததும், நீங்களே எடுத்துக்கொள்ளுங்களேன் என்று வாய் கூசாமல் கேட்டார். சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று அக்கா படியிலேயே நின்று சொல்லிவிட்டு வந்தாள்.

பிறகு தொடங்கியது எங்கள் ஊர்வலம். விடுமுறை நாளெல்லாம் நான் பைக் ஓட்ட, அக்கா பின்னால். முன்னால் ஸ்கூட்டரில் புரோக்கர். சாயம் பூசிய மீசை, வாயில் எந்நேரமும் ஒரு பெப்பர்மிண்ட். எதைக் கேட்டாலும் அது ஒரு விஷயமே இல்லை என்பார்.

முதலில் காட்டியது ஏரிக்கரையில் எழும்பிய கண்ணாடிக் கட்டடங்கள். உங்கள் வயதுக்காரர்கள் எல்லாம் இங்கேதான் வாங்குகிறார்கள், எல்லோரும் கம்ப்யூட்டர் வேலை, எல்லோரும் ஒரே மாதிரி ஆட்கள் என்றார். ஏரியில் தண்ணீர் இல்லை. நகரத்துக் கழிவெல்லாம் அதில்தான் வந்து விழுகிறது. ஆள் உயரத்துக்கு நுரை. பால்கனியில் நின்ற ஒரு ஜோடி அந்த நுரையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நுரையைவிட அவர்கள் சிரிப்புதான் அதிக அருவருப்பாக இருந்தது.

அடுத்து பழைய கடைவீதி. எல்லாம் கைக்கெட்டும் தூரம் என்றார். உண்மைதான். மாடிப்படி மூலையில் துப்பிய கறை கைக்கெட்டும் தூரம். இறைச்சிக் கடைக்காரர் எலும்பைக் கொட்டுகிற தொட்டி, படுக்கையறை ஜன்னலுக்குக் கைக்கெட்டும் தூரம். அக்கா முழங்கையை முகர்ந்தாள், காற்றை முகர்ந்தாள், படி இறங்கிவிட்டாள். கைப்பிடியைத் தொட்ட கையை வீடு வரும்வரை என் முதுகில் படாமல் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது, காவலாளி வைத்த புதுக் குடியிருப்பு. லிஃப்ட் கதவு திறந்ததும் மல்லிகை மணம் குப்பென்று அடித்தது. எனக்குப் பரவாயில்லை என்று தோன்றியது. அக்கா உள்ளே காலே வைக்கவில்லை. மல்லிகைக்கு அடியில் மூத்திரம் என்றாள். புரோக்கர் சப்பைக்கட்டு கட்டினார். காவலாளி தலையைக் குனிந்துகொண்டார். மாதிரி வீட்டின் மேஜையில் பிளாஸ்டிக் பழங்கள் இருந்தன. அவற்றின் மேல் எலிப் புழுக்கை இருந்தது.

பல மாதம் இப்படியே போனது. மனிதர்கள் எப்படி இவ்வளவு அசிங்கத்தின் நடுவில் கடன் வாங்கிக் குடியேறுகிறார்கள், அதற்குப் பெயர் முன்னேற்றம் என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று நினைத்து நினைத்து எனக்கு ஊரே வெறுத்துவிட்டது. அம்மாவின் விசில் மட்டும் சாயங்காலம் தவறாமல் கேட்டது. அடுத்த மழைக்காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவை அதற்குள் இந்தச் சாக்கடையிலிருந்து கிளப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

கடைசியில் ஒரு நாள் புறவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார். அகலமான தெரு, சுத்தமான நடைபாதை, பின்னால் வரிசையாக உயர்ந்த மரங்கள். வீடு தரைத்தளத்தில், அம்மா படி ஏற வேண்டியதில்லை. அக்கா முழங்கையை முகர்ந்தாள். காற்றை முகர்ந்தாள். மறுபடியும் முழங்கை, மறுபடியும் காற்று.

"ஒண்ணுமே இல்லடா," என்றாள். "சுத்தமா ஒண்ணுமே இல்ல. நீ மோந்து பாரு."

நானும் முகர்ந்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெறும் காற்று. வெறும் காற்று என்று ஒன்று இந்த ஊரில் இருப்பதையே மறந்து போயிருந்தோம். அக்கா கண் கலங்கிவிட்டாள். முன்பணத்தை அப்போதே வாங்கிக்கொள்ளப் புரோக்கர் துடித்தார். அம்மா ஒருமுறை பார்க்கட்டும், அப்புறம்தான் என்று அக்கா சொல்லிவிட்டாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் புத்தி வேலை செய்ததற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மறுநாள் அம்மாவை டாக்சியில் அழைத்துப்போனோம். காலையிலேயே போனோம், சாயங்காலம்தான் அவளுக்கு மோசம் என்பதால். கார் கதவைத் திறந்து இறங்கிய அம்மா, வாசல்வரை நடந்தாள். அங்கேயே நின்று தூணைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சில் விசில் தொடங்கியது. வெட்டவெளியில், பட்டப்பகலில், ஒரு நாற்றமும் இல்லாத இடத்தில். நான் பையிலிருந்து மூச்சு மருந்தை எடுத்து அவள் வாயில் அடித்தேன். அக்கா பேயறைந்த மாதிரி நின்றாள்.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும், தூசியா, பயமா, என்ன பண்ணுது என்று அக்கா கேட்டாள். அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, ஏதோ நல்ல சேதி சொல்வது போலச் சொன்னாள்.

"இங்க உன் வாசனைதான் அடிக்குது கண்ணு."

"என் வாசனையா?"

"நீ வேலை முடிஞ்சு உள்ள வந்தா அடிக்குமே, அது. உன் சட்டை, நம்ம தலகாணி, எல்லாத்துலயும் இருக்குமே."

அக்கா புரோக்கரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பெப்பர்மிண்ட்டை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினார். மரங்களுக்கு அந்தப் பக்கம் சலவைத்தூள் மூட்டை கட்டுகிற கூடம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது, நல்ல வாசனைதானே, வருகிறவர்கள் எல்லாம் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள், அதனால் சொல்லவில்லை என்றார். தன் கம்பெனியின் மூட்டை கட்டும் பிரிவை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள் என்று அக்காவே வீட்டில் சொல்லியிருக்கிறாள். எங்கே என்று அவளும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அக்கா தன் கையை என் முகத்துக்கு நேராக நீட்டி முகரச் சொன்னாள். முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. அதே வெறும் காற்று. கம்பெனி மாதா மாதம் ஊழியர்களுக்குச் சும்மா கொடுக்கும் தூளில்தான் எங்கள் வீட்டில் எல்லாம் துவைக்கிறோம். என் சட்டையும் அதில்தான் ஊறியது. என் மூக்கும் அவள் மூக்குதான். அவள் புரோக்கரிடம் போனாள். அந்த மனிதர் கூச்சத்தோடு, ஒரு முழம் தள்ளி நின்றே அவள் கைப்பக்கம் முகத்தைக் கொண்டுபோனார்.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்," என்றார். "உங்க சட்டையில கொஞ்சம் தூக்கலா இருக்கு."

வீட்டுக்கு வருகிற வழியில் அக்கா அம்மாவின் பக்கத்தில் உட்காரவில்லை. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை முழுக்க இறக்கி, கையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். வந்ததும் தலையணை உறை, படுக்கை விரிப்பு, திரைச்சீலை, என் சட்டைகள், ஒன்று விடாமல் உருவித் தரையில் குவித்தாள். சாக்கடையை எட்டிப் பார்க்கும்போது அவள் முகம் எப்படிக் கோணுமோ, அந்தக் குவியலைப் பார்த்து அப்படியே கோணியது.

"சாக்கடையத் திட்டிட்டே இருந்தேன்," என்றாள். "நாத்தம் நான்தாண்டா."

அம்மாவுக்கு அவள் அழுவது பொறுக்கவில்லை. தெரிந்தே மறைத்தாயா என்று நான் கேட்டேன். அப்படியெல்லாம் இல்லை என்றாள் அம்மா. ஜன்னலைத் திறந்தால் மூச்சு கொஞ்சம் தேவலையாக இருக்கும், ஏன் என்று அவள் யோசித்ததே இல்லை. மகள் வீடு வந்து சேர்ந்ததும் வருகிற மணம், அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

நெடி என்றுதான் டாக்டர் சொன்னார். நெடி என்றால் நாற்றம் மட்டுமே என்று நாங்களாக முடிவு கட்டிக்கொண்டோம். வாசனையே தொழிலாக வைத்திருக்கிறவள் வீட்டில் இந்த லட்சணம். எனக்கு எங்கள் மேலேயே குமட்டியது.

அக்கா வேலையை விடவில்லை. விட்டால் கடன் ஏது, வீடு ஏது. கம்பெனியிலேயே குளித்து, அங்கேயே உடுப்பை மாற்றி, அதை அங்கேயே விட்டுவிட்டு வர ஆரம்பித்தாள். இலவச மூட்டை வீட்டு வாசல் ஏறவில்லை. மணமே இல்லாத ஒரு மொட்டை சோப்புக்கட்டியை வாங்கி, எல்லாவற்றையும் ஊறவைத்து அலசி, மறுபடி ஊறவைத்து அலசி, கைத்தோல் உரிந்தது. விசில் குறைந்தது. மழைக்காலம் வந்தது. நாற்காலியைத் தூக்க வேண்டி வரவில்லை.

ஆனால் வீட்டிலிருந்த அந்த மணம் போனதும் சாக்கடை தன் முழு ரூபத்தையும் காட்டியது. இத்தனை காலம் பாதி நாற்றத்தைத்தான் முகர்ந்திருக்கிறோம் போலிருக்கிறது. சோற்றில் நாறியது, குடிக்கிற தண்ணீரில் நாறியது. வேறு இடம் பார்ப்போம் என்று நான் கெஞ்சினேன். இனி தன் மூக்கை நம்பி ஒரு செங்கல்கூட வாங்க மாட்டேன் என்றாள் அக்கா. பார்த்த இடத்துக்கெல்லாம் அம்மாவை ஒருமுறை அழைத்துப்போனாள். ஏரி நுரையின் சோப்பு நெடியில் இழுத்தது. லிஃப்ட் மல்லிகையில் இழுத்தது. கடைவீதியில் இறைச்சித் தொட்டியைத் தாண்டுவதற்குள் ஏதோ ஊதுபத்திக் கடை வந்து அங்கேயும் இழுத்தது. திரும்பி வந்து இந்த மாடியில் உட்கார்ந்ததும் நின்றது.

அக்கா கீழே போய் வீட்டுக்காரரின் கதவைத் தட்டினாள். நாலு தெரு சிரிக்கும் என்று நான் சொன்னேன். சிரிக்கட்டும் என்றாள். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இப்படியாக, நல்ல சம்பளம் வாங்குகிற, படித்த, ஊரிலேயே பெரிய மூக்கு, நகரம் முழுக்கச் சலித்துப் பார்த்துவிட்டு ஒரு திறந்த சாக்கடையின் மேல் வீடு வாங்கியது.

பத்திரம் பதிவான அன்று சாயங்காலம் அக்கா ஈரத் தலையோடு வந்து அம்மாவின் கட்டிலில், பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வழக்கம்போல அம்மா எழுந்து ஜன்னலுக்குப் போகப்போகிறாள் என்று நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அம்மா எழவில்லை. காலை நீட்டி, அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அந்த ஜன்னல மூடிட்டு வா கண்ணு," என்றாள். "நாத்தம் குடலப் புடுங்குது."

அக்கா எழுந்து போய் மூடினாள்.