மாமன் விழுந்த மரம்

பேனா செய்வதற்காக, பூஞ்சணம் ஓடிய மாங்கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டேன். மேல்தோல் போனதும், ஈரமுடி ஒட்டிக்கிடப்பதுபோல் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. கூடவே மழை வாடை.

என் சிறுவயதில் அம்மாவின் அண்ணன் மாமரத்திலிருந்து விழுந்து இறந்தார். மரத்தை வெட்டினார்கள். ஆளைக் கொன்ற மரத்தை அடுப்பில் வைக்கக்கூடாதென்று, அப்பா அடிமரத் தடியை வீட்டின் பின்னால் போட்டுவைத்தார். மழை தூறினால் போதும், அம்மா அடுக்களை வாசலில் நின்று தடியைப் பார்த்துக் கூப்பிடுவாள்.

“அண்ணே, நனையாண்டாம். உள்ள வாரும்.”

பிறகு சற்று ஒதுங்கி வழிவிடுவாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்.

அந்தத் தடியின் துண்டுதான் இது. அம்மாவிடம் சொல்லவில்லை. வெளியே நல்ல வெயில். இயந்திரத்தை நிறுத்தினேன்.

உள்ளறைக் கட்டிலிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“மக்கா, ஒன் மாமன் நனைஞ்சு வந்து நிக்காரு. தலை துவட்ட துவர்த்து எடுத்துக் குடு.”